மூன்று சிட்டிங்கில் ஒரு கொலை

பல் டாக்டர் கொலை செய்யத் துணிந்ததற்கு ஒரு ஈரத் துண்டுதான் காரணம். குளித்துவிட்டு வந்து முகத்தைத் துடைத்தார். காளான் வாடை குப்பென்று அடித்தது.

"மூணு நாளா அது கொடியில தொங்குது," என்றாள் மனைவி. "இந்த மாசக் கடைசிக்குள்ள எனக்கு ஒரு முழம் வெயில் வேணும். இல்லன்னா நான் அக்கா வீட்டுக்குப் போயிடறேன். அங்க துணியாவது காயும்."

சொன்னால் செய்கிறவள். போன வருஷமும் இப்படித்தான் கிளம்பிப் போனாள். அந்த நான்கு நாளும் டாக்டர் மூக்குக் கண்ணாடியைத் தேடித் தேடியே இளைத்துப் போனார். அவள் இல்லாவிட்டால் அவருக்கு வீடு வீடாகவே இருக்காது. ஊரில் உள்ளவர்களையெல்லாம் வாயைத் திறக்கச் சொல்கிறவருக்கு, இதை அவளிடம் சொல்ல மட்டும் முப்பது வருஷமாக வாய் வரவில்லை.

வெயிலை மறைத்தது வாசலில் நின்ற மரம். பல்கலைக்கழக வளாகத்தை ஒட்டிய அந்தப் பகுதியில் காடு முதலில் வந்தது, வீடுகள் பிறகு வந்தன. அதனால் மரங்கள் எல்லாம் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தம். உயிரோடு இருக்கும் மரத்தில் கை வைத்தால் ஆறு மாதம் ஜெயில். தானாகப் பட்டுப்போனால் மட்டும் தாவரவியல் பேராசிரியை பார்த்துக் கையெழுத்துப் போடுவார், ஆட்கள் வந்து வெட்டிக்கொண்டு போவார்கள். அவர் எதிர்வீட்டிலேயே குடியிருந்தார். தெருவில் அவருக்கு மரத்தம்மா என்று பெயர்.

ஆக, மரம் சாக வேண்டும். அது தானாகச் செத்தது மாதிரியும் இருக்க வேண்டும்.

களைக்கொல்லி வாங்கினால் கடைக்காரர் முகத்தை ஞாபகம் வைத்திருப்பார். டாக்டர் தெரிந்த தொழிலையே செய்வதென்று முடிவு கட்டினார். பல்லின் நரம்பைச் சாகடிக்கிற மருந்து க்ளினிக்கில் பாட்டில் பாட்டிலாக இருந்தது. நரம்பு செத்தால் பல் செத்தது. மரம் மட்டும் என்ன, வேர் விட்டு நிற்கிற பெரிய கடைவாய்ப் பல்தானே.

மதியம் இரண்டு மணிக்குத் தெருவே தூங்கும். முதல் வாரம் அந்த நேரத்தில் முக்காலி போட்டு, நெற்றியில் விளக்கு கட்டி, மாஸ்க் மாட்டி, மரத்தின் பின்பக்கம் அடிவாரத்தில் துளை போட்டார். பழக்க தோஷத்தில், "கொஞ்சம் வலிக்கும், பொறுத்துக்குங்க," என்று மரத்திடம் சொல்லியும் விட்டார். சைக்கிளில் போன மாணவி ஒருத்தி நின்று பார்த்தாள். ஆராய்ச்சி என்றார். வளாகத்துக்குப் பக்கத்தில் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். அவளும் பரிதாபமாகத் தலையாட்டிவிட்டுப் போனாள்.

இரண்டாவது வாரம் துளையை அகலப்படுத்தியபோது உள்ளே பழுப்பாக, மாவு மாவாக என்னவோ கொட்டியது. சாகப் போகிற மரம்தானே என்று விட அவருக்கு மனசு வரவில்லை. உள்ளே அசிங்கத்தை வைத்துக்கொண்டு மேலே பூசுகிற வேலை அவரிடம் என்றைக்கும் கிடையாது. நல்ல கட்டை தெரியும்வரை சுரண்டி எடுத்தார். இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது.

மூன்றாவது வாரம் ஐந்து பாட்டில் மருந்தை ஊற்றி, பல் அடைக்கும் சிமெண்டால் மூடி, பட்டையின் நிறத்துக்கே வழவழவென்று இழைத்துவிட்டார். க்ளினிக்கில் சிமெண்ட் டப்பாக்கள் எங்கே போயின என்று நர்ஸ் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தாள்.

மாதக் கடைசி சனிக்கிழமை. மரம் அசையாமல் நின்றது. கட்டில்மேல் மனைவியின் பை பாதி நிரம்பியிருந்தது. அப்போதுதான் மரத்தம்மா கையில் மரச்சுத்தியலோடு வந்து, மரத்தைச் சுற்றிச் சுற்றித் தட்டி, அடிவாரத்தில் ஓர் இடத்தை நகத்தால் கீறிப் பார்த்தார்.

"டாக்டர், கொஞ்சம் வெளிய வாங்க."

வந்தார்.

"இது உங்க கைவேலை. என் கடைவாய்ப் பல்லுல அடைச்சிருக்கீங்களே, அதே வழவழப்பு."

மறைத்துப் பயனில்லை என்று டாக்டருக்குப் பட்டது. "என் மனைவிக்காகத்தான் மேடம் செஞ்சேன். அவ போயிட்டா என்னால ஒரு நாள் இருக்க முடியாது."

ஈரத் துணி வாளியோடு வாசலில் நின்ற மனைவிக்கு இது நன்றாகவே காதில் விழுந்தது. வாளியைக் கீழே வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அதுவும் காயாத முந்தானையால். அக்கா வீட்டுக்குப் போகவில்லை என்று சொல்லிவிட்டு, பையைப் பிரிக்க உள்ளே போனாள்.

மரத்தம்மா டாக்டரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். வண்டுப் புழு அரித்து மரத்துக்கு உள்ளே பாதி சொத்தையாகிவிட்டது என்றும், தாமே அதைக் கைவிட்டுவிட்டதாகவும், இப்படிச் சொத்தையை ஒட்டச் சுரண்டி, புழுவுக்கு மருந்து வைத்து, தண்ணீர் இறங்காமல் அடைக்கத் தம் துறையிலேயே ஆள் இல்லை என்றும் சொன்னார்.

"அது நரம்பைக் கொல்ற மருந்து மேடம்," என்றார் டாக்டர், ஈனசுரத்தில்.

"மரத்துக்கு ஏது டாக்டர் நரம்பு? புழுவுக்குத்தான் இருந்தது. இனி இது நூறு வருஷம் நிக்கும்."

பிறகு, இனி இது தேவைப்படாது என்று தோள்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நான்காகக் கிழித்தார்: மரம் பிழைக்காது, திங்கட்கிழமை காலை வெட்டி அகற்றவும் என்று போன மாதமே அவர் கையெழுத்துப் போட்டு வைத்திருந்த உத்தரவு.