நாற்பது கிராம்

சர்க்கரை நோயுள்ள தாய்மாருக்குப் பிறக்கும் குழந்தைகளைக் கிருமித்தொற்று ஏன் எளிதில் பிடித்துக்கொள்கிறது என்பது எங்கள் ஆய்வு. காலையில் குழந்தைகளை எடைபோட்டு எழுதும் நர்ஸ் நான்.

பதினேழாம் தொட்டில் குழந்தை ஐந்தாம் நாள் இறந்தது. தாய் வேறு வார்டில் எழ முடியாமல் கிடந்தாள். சர்க்கரை நானூறைத் தாண்டியிருந்தது, தையலில் சீழ்.

"இப்பச் சொன்னா அவளும் போயிடுவா சிஸ்டர். தினமும் ஏதாவது ஒரு எடை சொல்லுங்க," என்று அவள் கணவர் கெஞ்சினார்.

நாள்தோறும் முப்பது, நாற்பது கிராம் கூட்டிச் சொன்னேன். அவளுக்குச் சர்க்கரை இறங்கியது. "அப்பனை மாதிரியே சாப்பாட்டு ராமன்," என்று சிரித்தாள்.

பத்தாம் நாள் அதற்கு மேல் கூட்டிச் சொல்ல வாய் வரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அவளைத் தயார்படுத்தலாம் என்று நினைத்தேன்.

"இன்னிக்கு நாற்பது கிராம் குறைஞ்சிருக்கும்மா. மூணு கிலோ நூறுதான்."

குழந்தைகள் வார்டுக்குத் திரும்பி வந்தபோது காலியாக இருந்த எடைக்கருவி 3100 காட்டியது. ஒயரைப் பிடுங்கி மறுபடி செருகினேன். 3100. தட்டில் விரித்த துணி நடுவில் குழிந்திருந்தது. தொட்டேன், வெதுவெதுப்பாக இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே 3090 ஆனது. பிறகு 3080.

அவள் கட்டிலுக்கு ஓடினேன்.

"தப்பாப் பார்த்துட்டேம்மா," என்றேன் மூச்சு வாங்க. "ஏறித்தான் இருக்கு. நாற்பது கிராம் ஏறியிருக்கு."

"நெஜமாவா சிஸ்டர்?"

"சத்தியமா," என்றேன்.