பச்சை நாடா

டாம்சின் மேடையில் மண்டியிட்டு, நகத்தால் ஒட்டுநாடாவைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டத்தை உள்ளே விடும் மணி அடித்துவிட்டது. வெளியே கதவருகில் பேச்சுச் சத்தம்.

கடைசிக் காட்சிக்கு முன்னால் அரங்கம் முழுக்க இருட்டாகும். கதாநாயகி மோர்வெனா கட்டிலிலிருந்து எழுந்து, அந்த இருட்டிலேயே மேடையில் நடந்து வந்து, முன்விளிம்புக்கு இரண்டடி முன்னதாக நிற்க வேண்டும். விளக்கு வந்ததும் வசனம். எந்த இடத்தில் நிற்பது என்று காட்டுவது, பச்சையாக மினுங்கும் இந்த விரல் நீள நாடா மட்டும்தான்.

விளிம்புக்குக் கீழே வாத்தியக்காரர்கள் உட்காரும் பள்ளம். ஆளுயரம்.

பிய்த்த நாடாவை விளிம்பின் ஓரத்திலேயே ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தினாள்.

உயிர் போகாது. கணுக்கால் போகும். நாளைக்கு லண்டனிலிருந்து தயாரிப்பாளர்கள் வரும்போது மேடையில் மாற்று நடிகை நிற்பாள்.

மாற்று நடிகை டாம்சின்.

"அந்தம்மா இன்னிக்கும் ஒரு தும்மல்கூடப் போடல," கட்டிலைத் தள்ளிக்கொண்டு வந்த ஜாகோ சிரித்தான். "உனக்கு யோகமே இல்ல."

டாம்சின் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல நடித்துவிட்டு எழுந்து போனாள்.

மோர்வெனாவின் திமிரைத்தான் தாங்க முடியவில்லை. எதிரே போய்ச் சிரித்தாலும் அவள் முகம் கொடுக்க மாட்டாள். தன் வசனத்தைத் தானே படிக்க மாட்டாள். டாம்சின் படிக்க வேண்டும், அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். டீயைக் கையில் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். படியிறங்க டாம்சினின் தோள் வேண்டும். நான் என்ன வேலைக்காரியா?

அதைவிட வயிற்றெரிச்சல், அந்த நடை. ஒத்திகையில் டாம்சின் கட்டில் காலில் இடித்துக்கொண்டு விழுந்தாள். மோர்வெனாவோ சொந்த அடுக்களையில் தண்ணீர் குடிக்கப் போவதுபோல நடப்பாள். விமர்சனம் எழுதியவர்கள் எல்லாரும் அந்த நடையைத்தான் எழுதினார்கள்.

இந்த ஊரில், இருட்டைக் குறிக்கும் 'டார்க்' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டே காலம் தள்ளிவிடலாம். கசக்கிற சாக்லேட் டார்க். நாடகம் இல்லாமல் அரங்கம் பூட்டிக் கிடக்கும் ஞாயிற்றுக்கிழமை டார்க். வெளியே சொல்ல முடியாத எண்ணமும் டார்க்தான்.

இன்று அது டாம்சினின் வயிற்றுக்குள் உட்கார்ந்திருந்தது.

கடைசிக் காட்சிக்காக விளக்குகள் அணைந்தன.

தினமும் நிற்கும் இடத்திலேயே, பக்கத்திரையின் ஓரத்தில், டாம்சின் நின்றாள். நாடா முன்பு இருந்த இடம் அங்கிருந்து கைக்கெட்டும் தூரம்.

பாவாடையின் சரசரப்பு நெருங்கியது. இன்னும் நெருங்கியது.

பழக்கதோஷம், அடுத்த வசனத்தை டாம்சினின் வாய் தானாக முணுமுணுத்தது. எனக்கு வந்திருக்க வேண்டிய வசனம்.

சரசரப்பு நின்றது.

விழும் சத்தத்துக்காக அவள் பல்லைக் கடித்தாள்.

விளக்கு வந்தது.

மோர்வெனா நின்றுகொண்டிருந்தாள். எப்போதும் நிற்கும் அதே இடத்தில். பச்சை நாடா அவளுக்கு இரண்டடி முன்னால், யாருக்கும் வேண்டாததாகக் கிடந்தது.

கைதட்டல் ஓய்ந்ததும் மோர்வெனா நேராகப் பக்கத்திரைக்கு வந்து டாம்சினின் தோளைப் பிடித்தாள்.

டாம்சினால் வாயை அடக்க முடியவில்லை. "நீங்க நாடாவைப் பாக்கலையா?"

"அது என் கண்ணுல பட்டு ரெண்டு மாசமாச்சு கண்ணு." மோர்வெனா புன்னகைத்தாள். அந்தப் புன்னகை டாம்சினின் காதுக்குப் பக்கத்தில் எங்கோ போயிற்று. "கண் டாக்டர் கைய விரிச்சிட்டாரு. நாளையோட நிறுத்திக்கிறேன். அப்புறம் எனக்கு எல்லா நாளும் ஞாயித்துக்கிழமைதான். பார்ட் உனக்குத்தான்னு டைரக்டர்கிட்டச் சொல்லியாச்சு."

டாம்சின் திரும்பி நாடாவைப் பார்த்தாள். "அப்ப... இருட்டுல எப்படி?"

மோர்வெனாவின் கை தோளிலிருந்து ஏறி, அவள் கன்னத்தைத் தடவிக் கண்டுபிடித்தது.

"உன் குரலைப் பிடிச்சுக்கிட்டுத்தான். தினமும் இங்க நின்னு என் வசனத்தை முணுமுணுப்பியே. எனக்காகத்தான்னு எனக்குத் தெரியாதா?"