தாய்மாமன் பக்கம் சாய்ந்த மூளை

குழந்தையின் மூளை தாய்மாமன் பக்கம்தான் சாய்ந்திருந்தது. கணினித் திரையில் கருப்பும் வெளுப்புமாகத் தெரிந்த உருண்டையைப் பார்த்துவிட்டு, தாய்மாமன் தம்புசாமியே அப்படி அறிவித்தார்.

"ஸ்க்ரீன கோணலா வச்சிருக்காங்கண்ணே. அதுக்கு மூளை என்ன பண்ணும்?" என்றாள் அத்தை இராஜம்மா.

இருவருக்கும் நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான் குழந்தையின் அப்பா திருமுருகன். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளமாவது விசேஷ நாளில்தான் அடி வாங்கும். இவன் பிள்ளை பிறந்த நாளிலிருந்து வாங்கிக்கொண்டிருக்கிறான்.

சண்டையெல்லாம் பெயருக்காக. வருகிற ஞாயிறு கிள்ளானில் முப்பதாம் நாள் சடங்கு. மண்டபம் எடுத்தாகிவிட்டது, கேக்குக்குச் சொல்லியாகிவிட்டது, அதில் எழுதத்தான் பெயர் இல்லை.

தங்கள் அப்பா ஞானசம்பந்தத்தின் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று தம்பி திருமுருகனிடம் ஒற்றைக்காலில் நின்றாள் இராஜம்மா. தன் அப்பா அய்யாவுவின் பெயர்தான் என்றார் தம்புசாமி. தோற்ற பக்கம் சடங்குக்கு வராது என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே கருத்து. தாய்மாமன் வராவிட்டால் தொட்டில் வராது. அத்தை வராவிட்டால் குழந்தையின் காதில் பெயர் சொல்ல ஆள் இல்லை.

அந்த நேரத்தில்தான் ஷா ஆலத்தில் ஓர் ஆய்வு மையத்திலிருந்து டாக்டர் விஷ்ணுப்ரியா அழைத்திருந்தார். பிறந்த குழந்தைகளின் மூளை எப்படி வளர்கிறது என்று படம் எடுத்து ஆராய்கிறவர். திருமுருகனும் அவன் மனைவி சிந்துவும் சம்மதித்தார்கள்.

"எந்தப் பக்கத்து மூளையோ, அந்தப் பக்கத்துப் பேர வச்சிருவோம்" என்று தொல்லை தாங்காமல் சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லிவைத்தான் திருமுருகன். இன்று காலை அவன் காரைத் திறப்பதற்குள் இரண்டு பேரும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள்.

சிந்துவையும் குழந்தையையும் டாக்டர் உள்ளே அழைத்துப் போய் வெகுநேரம் ஆகிவிட்டது. படம் எடுக்கும் அசாருதீன் இவர்களை இந்த அறையில் உட்காரவைத்து, "எதையும் தொடாதீங்க பாஸ், சூராவ்ல தொழுதுட்டு வந்துடறேன்" என்று போயிருந்தான். யாரும் எதையும் தொடவில்லை. பார்க்கக் கூடாது என்று அவன் சொல்லவில்லையே.

இராஜம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "ரூம்ல என்ன வாடை இது? நேத்து உங்க லோரில என்னத்தண்ணே ஏத்துனீங்க?"

"குளிச்சிட்டுதாங்கா வந்தேன். பேச்ச மாத்தாதீங்க" என்றார் தம்புசாமி. அவள் அவரை அண்ணன் என்பாள், அவர் அவளை அக்கா என்பார். வயதைக்கூட இருவரும் விட்டுக்கொடுத்ததில்லை.

அவர் திரையின் ஓரத்தைக் காட்டினார். "இந்த முடியப் பாருங்க, சுத்தி எப்படிக் குத்திட்டு நிக்குது. ரவாங்ல யாரைக் கேட்டாலும் சொல்வாங்க, எங்கப்பா முடி இப்படித்தான்."

"முடி யாருக்கு வேணும்? உள்ள பாருங்க, எவ்ளோ நெறஞ்சிருக்கு. எங்கப்பா தமிழ்ப்பள்ளி ஹெட்மாஸ்டர் லா. இந்த மாதிரி மண்டை சும்மா வராது."

"அப்போ எங்கப்பாவுக்கு உள்ள ஒண்ணுமில்லன்றீங்களா?"

"நான் சொல்லல. நீங்கதான் முடியப் பத்தி மட்டும் பேசுனீங்க."

திருமுருகன் எழுந்துவிட்டான். "போதும்கா. மச்சான், நீங்களும் கேளுங்க. உங்க ரெண்டு பேருல ஒருத்தர் வராத சடங்கு எனக்கு எதுக்கு? நான் பேரே வைக்கல. சூரத் பெரானாக்ல ஆபீஸ்காரங்களே எதையாவது எழுதிக்கட்டும்."

பிறப்புப் பத்திரத்தில் பெயரில்லாத மருமகனை இருவருமே ஒரு கணம் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். இராஜம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு திரைக்கு அருகே போய் நின்றாள்.

"அண்ணே, நடுவுல பாருங்க. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒட்டிக்கிட்டுத்தானே இருக்கு?"

தம்புசாமி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். நெடுநேரம் பார்த்தார். "ஆமாங்கா. ரெண்டு பக்கமும் கலந்துதான் இருக்கு" என்று நிமிர்ந்தார். "அய்யாவு ஞானசம்பந்தம்னு வச்சிடுவோம்."

"ஞானசம்பந்தம் அய்யாவு" என்று தொடங்கிய இராஜம்மா, தம்பியின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். "சரி, உங்க இஷ்டம்ணே."

பிரிக்பீல்ட்ஸ் பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் உடைப்பதாக மனதுக்குள் வேண்டிக்கொண்டான் திருமுருகன். தம்புசாமி திரையைக் கைபேசியில் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டார். 'அப்படியே தாத்தா' என்று கிள்ளானிலிருந்தும் ரவாங்கிலிருந்தும் பதில்கள் வந்து குவிந்தன.

கதவு திறந்தது. டாக்டர் விஷ்ணுப்ரியா வந்தார். பின்னால் சிந்து, அவள் தோளில் ஊரைக் கூட்டும்படி அழுதுகொண்டு அய்யாவு ஞானசம்பந்தம்.

"சாரி அங்கிள். வயிறு நெறைய பால் குடிச்சும் பாப்பா தூங்கவே மாட்டேங்கறான். தூங்கினாத்தான் ஸ்கேன ஆரம்பிக்க முடியும். நாளைக்கு வர்றீங்களா?"

தம்புசாமி திரையைக் காட்டினார். "அப்போ இது யாரோட மூளை, டாக்டர்?"

"மெஷின டெஸ்ட் பண்ண நேத்து உள்ள வச்ச முள்ளு டுரியான் பழம், அங்கிள்."