ஏழாவது கேள்வி

"இல்ல. ஒண்ணும் இல்ல. எல்லாம் எப்பவும் போலத்தான் இருக்கு."

கார் கண்ணாடியப் பாத்து நாலாவது தடவையா சொல்லிப் பாத்தான் லோவெல். கண்ண சிமிட்டக் கூடாது. 'எப்பவும் போல'ங்கற எடத்துல குரல் கம்முது, அத மட்டும் சரி பண்ணிட்டா போதும்.

யாரோ ஜன்னலத் தட்டினாங்க. ஆபீஸ்ல பக்கத்து மேஜை கர்ட்டிஸ், கையில காப்பி.

"என்னப்பா, மெஷினுக்கு ஒத்திகையா? எனக்கு நேத்தே முடிஞ்சுது. நல்ல விசுவாசமான நாய்னு சொல்லிட்டாங்க. வாலாட்டிக்கிட்டே வெளிய வந்தேன்."

லோவெல் சிரிக்கல.

"சரி, நோரீன் எப்படி இருக்கா?"

"வியாழக்கிழமை ரெண்டாவது ஆபரேஷன்."

"அப்ப இன்னிக்கு எப்படியாவது தேறிடு. வேலை போச்சுன்னா மாசக் கடைசியோட இன்சூரன்ஸும் போயிரும். அந்தப் பொண்ணு பாவம்."

வெள்ள நிவாரண ஆபீஸ்ல லோவெலுக்குப் பத்தொம்பது வருஷ சர்வீஸ். போன மாசம் தலைமையிடத்து ரகசியக் கடிதம் ஒண்ணு பத்திரிகைல வந்துருச்சு. யார் குடுத்ததுன்னு தெரியல. அதனால மேலேர்ந்து கீழ வரைக்கும் எல்லாரையும் உக்கார வச்சு, பொய்யக் கண்டுபிடிக்கிற மெஷின்ல வயர் மாட்டுறாங்க. பள்ளிக்கூடத்துலேர்ந்து திரும்பற வழில கார்ல லாரி மோதி லோவெல் மனைவி நோரீன் ஆஸ்பத்திரியில இருக்கான்னு ஆபீஸுக்குத் தெரியும். அதுக்கு மேல அவன் யார்கிட்டயும் எதுவும் பேசல.

சோதனை பண்றவர் பேரு பிராண்ட். வாஷிங்டன்லேர்ந்து வந்திருந்தாரு. லோவெல் நெஞ்சுல ஒரு பட்டை, கையில ஒரு பட்டை, விரல்ல ரெண்டு கிளிப்பு மாட்டினாரு. குனிஞ்சவரு அவன் ஷூவப் பாத்தாரு.

"கறுப்பு ஷூ போட்டுக்கிட்டு சேத்துல எறங்கினீங்களா, மிஸ்டர் ஹாஸ்கின்ஸ்?"

"சனிக்கிழமை மழை."

"இன்னிக்கு செவ்வாய்." சொல்லிட்டுப் போய் திரைக்கு முன்னால உக்காந்தாரு. "முதல்ல சும்மா பழகறதுக்கு. உங்க பேரு லோவெல் ஹாஸ்கின்ஸ்?"

"ஆமா."

"வீட்டுல மூணு பேரு?"

"ஆமா."

திரைல கோடு துள்ளிச்சு. பிராண்ட் தலையச் சொறிஞ்சாரு. "இதுக்கே இப்படி ஆடுதே. மூச்ச மெதுவா விடுங்க."

தலைமைக்கு விசுவாசமா இருக்கீங்களா, பத்திரிகைக்காரங்க யாரையாவது தெரியுமா, அந்தக் கடிதத்த நீங்க குடுத்தீங்களா. எல்லாத்துக்கும் உண்மையத்தான் சொன்னான். அந்தக் கடிதத்த அவன் கண்ணால கூடப் பாத்ததில்ல.

ஏழாவது கேள்வி வந்துச்சு. "உங்கள நம்புற யார்கிட்டயாவது இப்ப எதையாவது மறைக்கிறீங்களா?"

"இல்ல."

கோடு திரையோட மேல் விளிம்பத் தொட்டுட்டு வந்துச்சு.

பிராண்ட் நாற்காலிய முன்னால இழுத்துப் போட்டாரு. குரல் இப்ப ரொம்ப மெதுவா இருந்துச்சு. "என்ன அது? சொல்லிட்டா மனசு லேசாயிரும்."

"ஆபீஸ் விஷயம் இல்ல."

"எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. வீட்டு விஷயமா?"

லோவெல் வாயத் தொறந்தான். அந்த வார்த்தைய இதுவரைக்கும் அவன் வெளிய சொன்னதில்ல. இப்பவும் வரல.

"சரி, விடுங்க." பிராண்ட் படிவத்தப் பொரட்டினாரு. "உங்க மனைவியோட ஆஸ்பத்திரி நம்பர் இதுல இருக்கு. அவங்ககிட்ட, 'உங்க வீட்டுக்காரர் கொஞ்ச நாளா ஏதாவது மறைக்கிறாரா'ன்னு ஒரே ஒரு கேள்வி. ரெண்டு நிமிஷம் ஆகாது."

போன எடுத்துட்டாரு.

"கூப்பிடாதீங்க," லோவெல் சொன்னான்.

"ஏன்?"

லோவெல் மனசுக்குள்ள கணக்குப் போட்டான். மாசக் கடைசிக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கு. ஆபரேஷன் நாளன்னிக்கு. அது வரைக்கும் அவளுக்கு எந்த அதிர்ச்சியும் வரக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தாரு.

"கடிதத்தக் குடுத்தது நான்தான்."

பிராண்ட் போனக் கீழ வச்சாரு. ஒரு தாளையும் பேனாவையும் அவன் பக்கமா நகத்தினாரு. "மெஷின் பொய் சொல்லாது, மிஸ்டர் ஹாஸ்கின்ஸ்."

லோவெல் கையெழுத்துப் போட்டான். அடையாள அட்டையக் கழட்டி மேஜை மேல வச்சான். வெளிய வரும்போது கர்ட்டிஸ் மூஞ்சியத் திருப்பிக்கிட்டான். "பத்தொம்பது வருஷம் உன் கூட சோறு தின்னுருக்கேன்டா," அப்படின்னு மட்டும் சொன்னான்.

ஆஸ்பத்திரி வாசல்ல காருக்குள்ளயே பத்து நிமிஷம் இருந்தான். கண்ணாடியப் பாத்து இன்னும் ரெண்டு தடவ சொல்லிப் பாத்துட்டு மேல போனான்.

நோரீன் கழுத்துல பட்டையோட சாஞ்சு படுத்திருந்தா. கண்ணு மட்டும்தான் அவன் பக்கம் திரும்புச்சு.

"டோபி சாப்ட்டானா? புள்ள என்னத் தேடுறானா?"

"சாப்ட்டான். பான்கேக் ரெண்டு. எங்க அக்காவப் போட்டுப் பாடாப் படுத்துறானாம்."

"உன் மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? ஏதாவது ஆச்சா?"

"இல்ல. ஒண்ணும் இல்ல. எல்லாம் எப்பவும் போலத்தான் இருக்கு."

இந்தத் தடவ கண்ணு சிமிட்டல, குரலும் கம்மல.

நோரீன் கண்ணு கீழ எறங்குச்சு. கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் அவன் போடுற அந்தக் கறுப்பு ஷூவையும், அதுல காஞ்சு போயிருந்த சேத்தையும் ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தா. அப்புறம் மெதுவா அவன் கையப் பிடிச்சா.

"அவன எங்க புதைச்ச, லோவெல்?"