தராசு ஊதிய விசில்

கதவில் அடுத்த செருப்பு வந்து விழுந்தபோது நடுவர் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். "எவ்வளவுடா வாங்கின, வெளிய வாடா" என்று யாரோ தொண்டை கிழியக் கத்தினார்கள்.

வாங்கவில்லை என்பதுதான் உண்மை. இத்தனை வருஷமாக விசில் ஊதுகிறார், எந்த அணிக்காரரிடமாவது ஒரு டீ வாங்கிக் குடித்திருப்பாரா? பெட்டியோடு வந்த பெரிய மனிதர்களை வாசலோடு திருப்பி அனுப்பியவர் அவர்.

தொழிலில் அவருக்குத் 'தராசு' என்று பட்டப்பெயர். ஒரு பக்கம் தவறாக ஊதிவிட்டோம் என்று தெரிந்தால் போதும், மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். மறுபக்கம் ஏதாவது விட்டுக்கொடுத்துச் சரிக்கட்டினால்தான் அவருக்குச் சோறு இறங்கும். "நியாயம் பண்றேன் பேர்வழின்னு ஒண்ணுக்கு ரெண்டு அநியாயம் பண்றீங்க" என்று வீட்டுக்காரி சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள்.

இன்றைக்கும் அதுதான் நடந்தது. காலையிலிருந்து விடாத மழை. மைதானம் சேறும் சகதியுமாகக் கிடந்தது, கோல் கோட்டின் சுண்ணாம்பு ஆட்டம் சூடு பிடிப்பதற்குள்ளேயே கரைந்து போனது.

முதல் பாதியில் உள்ளூர் அணி அடித்த பந்தை, வெளியூர் அணியின் மஞ்சள் சட்டைக் கோல்கீப்பர் விழுந்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பந்து கோட்டைத் தாண்டியதா இல்லையா, யார் கண்டது? லைன்ஸ்மேனும் கொடியைத் தூக்கவில்லை. கோல் இல்லை என்று நடுவர் கையை ஆட்டிவிட்டார். வீடியோ பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் வசதியெல்லாம் அந்த லீகுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

இடைவேளையில் மாற்று நடுவர் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினான். பல ஊர்களில் ஒன்றாக வேலை பார்த்தவன், அவருக்குக் கூடப் பிறக்காத தம்பி மாதிரி. "அண்ணே, கோலுக்குப் பின்னாடி இருந்து ஒருத்தர் எடுத்தது. பாருங்க, பதறாதீங்க" என்று போனை நீட்டினான்.

சில விநாடிப் படம்தான். மஞ்சள் சட்டை போட்ட முதுகு, அதன் பக்கத்தில் பந்து, பளிச்சென்று வெள்ளைக் கோடு. பந்து முழுசாகக் கோட்டுக்கு உள்ளே இருந்தது.

நடுவர் படத்தை மறுபடியும் ஓடவிட்டார். "எனக்கு அனுப்பு" என்றார்.

"எதுக்குண்ணே, விடுங்க."

"அனுப்புடா. திரும்பத் திரும்பப் பார்த்தாத்தான் எனக்குப் புத்தி வரும்."

அவன் தயங்கித் தயங்கி அனுப்பினான். "பார்த்துட்டு அழிச்சிருங்கண்ணே."

இரண்டாம் பாதி முழுக்க அவர் கண்ணுக்குள் அந்தப் பந்துதான் நின்றது. ஆட்டம் முடியப்போகிற நேரம். பெனால்டி பெட்டிக்குள் உள்ளூர் ஆட்டக்காரன் ஒருவன் சேற்றில் தானாக வழுக்கி விழுந்தான். அவன் பக்கத்தில் ஒரு காலும் இல்லை. நடுவர் அதை நன்றாகவே பார்த்தார். பார்த்துக்கொண்டே விசில் ஊதிப் பெனால்டி கொடுத்தார்.

ஒன்றுக்கு சைபர். சமனில் முடிந்திருந்தால் வெளியூர் அணி தப்பித்திருக்கும், இப்போது இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிட்டது. இறங்கினால் அணியையே கலைத்துவிடுவேன் என்று அதன் முதலாளி முன்பே சொல்லியிருந்தார்.

போலீஸைக் கூட்டிவருகிறேன் என்று போன மாற்று நடுவரை இன்னும் காணோம். வெளியே கூச்சல் கொஞ்சம் அடங்கியது. யாரோ கதவை மெல்லத் தட்டினார்கள்.

"சார், நான் கோல்கீப்பர். அடிக்கறதுக்கு வரல."

நடுவர் திறந்தார். வந்தவருக்குத் தலை முதல் கால் வரை சேறு. கையுறையைக்கூட இன்னும் கழற்றவில்லை.

"அவன் தானா விழுந்தான். உங்களுக்கும் அது தெரியும். அங்க எங்க பசங்க சுவத்துல முட்டிக்கிட்டு அழறானுங்க. எனக்கு இந்த வயசுல இனிமே எவன் சார் வேலை தருவான்? ஏன் ஊதுனீங்கன்னு மட்டும் சொல்லுங்க, போயிடறேன்."

இதற்கு மேல் மறைத்து என்ன ஆகப்போகிறது?

"என் பிள்ளைங்க மேல சத்தியமா காசு வாங்கலப்பா. முதல் பாதியில அது கோலு. அவங்க கோலை நான் தின்னுட்டேன். அதுக்கு ஈடாத்தான் இதைக் கொடுத்தேன். உனக்கு வலிக்கும், தெரியும். ஆனா இப்ப சரிக்குச் சரியாயிடுச்சு."

"அது கோட்டைத் தாண்டல சார். பந்தைப் பிடிச்சவன் நான் சொல்றேன்."

"பொய் சொல்லாத. நான் கண்ணால பார்த்தேன்." அழிக்காமல் வைத்திருந்த படத்தைப் போட்டு, போனை அவர் முன்னால் நீட்டினார்.

கோல்கீப்பர் கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றிவிட்டுப் போனை வாங்கினார். ஒரு தடவை ஓடவிட்டுப் பார்த்தார். மறுபடியும் ஓடவிட்டார். உள்ளே வரும்போது முகத்தில் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. நடுவரைப் பாவமாகப் பார்த்தார்.

"இதை உங்களுக்கு யாரு சார் காட்டுனது?"

"யாரா இருந்தா என்ன? மஞ்சள் சட்டை, நீதானே அது?"

"சார், இதுல மழையே பெய்யலையே."