எரிந்த கார்டு

புதன்கிழமை மருத்துவமனையின் சர்வர் எரிந்துபோனது. அப்பாவை அடக்கம் செய்த மறுநாள் அது. அங்கே கம்ப்யூட்டர்களைக் கவனிப்பவள் பூங்கோதை. கூப்பிட்டார்கள், வந்துவிட்டாள்.

திங்கட்கிழமை எடுத்த பேக்கப்பைப் புதிய சர்வரில் ஏற்றினாள். எல்லாம் வந்தது, நெட்வொர்க் மட்டும் வரவில்லை. ரத்தப் பரிசோதனை முடிவுகள் தெரியாமல் வார்டுகளில் டாக்டர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். பழைய சர்வரின் முகவரியான ஐ.பி. எண்ணைப் புதிய நெட்வொர்க் கார்டுக்குக் கொடுத்தால், அது வேறொரு கார்டிடம் இருப்பதாகத் திரை சொன்னது. அந்தக் கார்டு எரிந்து, வாசலில் குப்பையோடு கிடந்தது.

"செத்த கார்டுக்கு இன்னும் என்ன வீம்பு பாரு," என்றான் பக்கத்து மேசை ஜெரால்டு. சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

பூங்கோதை மறைந்திருந்த கார்டுகளின் பட்டியலைத் திறந்து, எரிந்த கார்டின் பெயரை அழித்தாள். நெட்வொர்க் வந்தது. திங்கட்கிழமையின் நோயாளிகள் பட்டியல் மருத்துவமனை முழுவதும் போனது.

சற்று நேரத்தில் தொலைபேசி அடித்தது. சமையலறையிலிருந்து பாக்கியம்.

"ஒன்பதாம் பெட்டு சபாபதிக்கு உப்பில்லாத கஞ்சின்னு வந்திருக்கு கண்ணு. அது உங்க அப்பா இல்ல? அந்தப் பெட்டு காலியால்ல கிடக்கு... பேரை எடுத்துடுறியா?"

பூங்கோதை திரையில் அந்தப் பெயரைப் பார்த்தாள்.

"ஆறிடப் போகுதுக்கா," என்றாள். "குடுத்து அனுப்புங்க."