விருதுக் குழு வந்த நாள்

"என்ன கண்றாவி இது மாதவி? இன்னிக்குப் பார்த்தா இந்தக் கோலம்?"

மேனேஜர் திருநாவுக்கரசு போட்ட சத்தத்தில் படகுத்துறையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மலேசியாவில் ரெம்பாவ் ஊர்ப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்ன ஆற்றுத் துறைமுகத்துக்குப் பசுமை விருதுக் குழு வரும் நாள் அது. வாசலில் பேனர், பூந்தொட்டிகள், எல்லாம் தயார். ஆறுதான் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது.

ஆற்றின் மேல்பகுதியில் பெய்த மழைக்கு அடித்து வந்த போத்தல், பிளாஸ்டிக் பை, பழைய மெத்தை எல்லாம், ஆற்றுக்குக் குறுக்கே கட்டியிருந்த மிதவைத் தடுப்பில் வந்து குவிந்து நாறின.

மாதவி அங்கே சுற்றுச்சூழல் அதிகாரி. வேலைக்குச் சேர்ந்து இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை.

"குப்பை வார்ற மெஷின் ரிப்பேர் சார். ஆள் நாளைக்குத்தான் வருவாராம். நானும் புனிதன் அண்ணனும் விடிஞ்சதிலேருந்து படகுல போய் அள்ளிக்கிட்டுத்தான் இருக்கோம்."

"மெஷின் கதையெல்லாம் எனக்கு வேணாம். முனியாண்டி இந்த வேலையில இருந்தப்பவும் இதே மெஷின்தான், இதே ரிப்பேர்தான். பெரிய ஆளுங்க வர்ற நாள்ல ஒரு போத்தல் மிதந்திருக்குமா? அந்த மனுசனுக்கு அக்கறை இருந்துச்சு!"

மாதவி தலையைக் குனிந்துகொண்டாள். சேறு அப்பிய கையுறையைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை.

குழு வந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு படம் பிடித்தது. ஏற்பாடு செய்திருந்த சாப்பாட்டைத் தொடாமல் வேனில் ஏறிப் போனது.

"திங்கக்கிழமையிலேருந்து நீங்க ஸ்டோருக்குப் போயிருங்க" என்றார் மேனேஜர். "முனியாண்டியையே திரும்பக் கூப்பிட்டுக்கிறேன்."

"ஒரே ஒரு நாள் ஆத்தைச் சுத்தமா வச்சிக்க முடியல. இதுல ஆபீசராம்!" என்று யாரோ மாதவியின் காதில் விழும்படியே சொன்னார்கள்.

படகோட்டி புனிதனுக்குத்தான் மனசு கேட்கவில்லை.

"முனியாண்டி அண்ணன் எப்படிச் செய்வாருன்னு காலையிலேயே சொன்னேன்லா மேடம். கேட்டிருந்தா இந்தப் பேச்சு வாங்கணுமா? இந்த வேலையும் கைவிட்டுப் போயிருக்காது."

"விடுங்க அண்ணே. வெளிச்சம் இருக்கு. வாங்க, மிச்சத்தையும் அள்ளிடலாம்."

அவள் படகில் இறங்கி உட்கார்ந்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் புனிதன் பார்க்காத மாதிரி மோட்டாரை முடுக்கினான்.

அதே சாயங்காலம், ஆறு வளைந்து கீழே போகும் இடத்தில் இருக்கும் தோட்டத்தில் குடியிருக்கும் பஞ்சாலை என்ற பெண், குப்பைவாரியும் சாக்குமாகக் கரைக்கு ஓடி வந்தாள்.

போன முறை கரையில் ஏறிய குப்பை வடிகாலை அடைத்து, தண்ணீர் அவள் அடுப்படி வரை வந்துவிட்டது. அடுத்த வாரமே மகளுக்கு டெங்கி. பிள்ளை பிழைத்ததே பெரிது. இந்தத் தடவை முந்திக்கொள்ள வேண்டும் என்றுதான் வந்தாள்.

கரை சுத்தமாக இருந்தது. ஒரு போத்தல்கூட இல்லை.

"என்னங்க, இங்க வந்து பாருங்களேன்!" என்று கணவன் சந்திரனைக் கூப்பிட்டாள்.

சந்திரனும் வந்து, நம்ப முடியாமல் மேலும் கீழும் பார்த்தான்.

"மேல அம்புட்டு மழை பெஞ்சிருக்கே! இன்னிக்குத் துறைமுகத்துக்குப் பெரிய ஆளுங்க வர்றாங்கன்னு வேற சொன்னாங்க."

"யாரும் வந்திருக்க மாட்டாங்க" என்றாள் பஞ்சாலை. "வந்திருந்தா, வழக்கம்போலத் தடுப்பை அவுத்துவிட்டு அம்புட்டுக் குப்பையையும் நம்ம கரைக்குத் தள்ளியிருப்பாங்களே!"